ஆராய்ச்சி மாணவரும் மக்கள் மேடையும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும் பூட்டிய அறையும், கண்ணாடிக் குடுவையும், வெளியாருக்கு விளங்காத பேச்சுமே நம்மில் பலருக்கு நினைவில் எழுகின்றன. அந்த அறைக்குள் இருக்கும் மாணவருக்கு உபகாரச் சம்பளம் தருபவர் யார், பெற்ற பணத்துக்கு அவர் யாரிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விகள் எளிதில் எழுவதில்லை. மத்திய அரசாங்கத்தின் இளநிலை ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது பொதுமக்களின் வரிப்பணம். அவ்வாறாயின், ஆராய்ச்சி மாணவர் தாம் செய்வது இன்னதென்று பொதுமக்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமல்லவா? அதற்கு வேண்டிய பயிற்சியை அளிப்பவர் யார்? அதற்காகும் பொருளைத் தருபவர் யார்?

இக்கேள்விகள் இக்காலத்தில் புதிதாகத் தோன்றியவை போல் பேசப்படுகின்றன. உண்மையில் அவற்றுக்கு நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு நிகழ்ந்த இடம் கல்கத்தா. 2001-ஆம் ஆண்டு முதல் அந்நகரின் அதிகாரபூர்வமான பெயர் கொல்கத்தா. அவ்வரலாற்றின் நடுவே தமிழர் இருவர் நிற்கின்றனர் என்பதால், பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அதில் தனிப்பட்ட அக்கறை உண்டு.

டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்பவர் 1833-இல் ஹௌரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். 1863-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் மருத்துவத்தின் உயர்ந்த பட்டத்தைப் பெற்றார். ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரின் இறுதி நோயின்போது அவருக்கு மருத்துவம் பார்த்தவர் இவர் என்று சொன்னால் நேயர்களுக்கு இவரை எளிதில் அடையாளம் தெரியும். இந்தியர் விஞ்ஞானத்தைப் பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது, தாமே சோதனை செய்து புதிய உண்மைகளைக் காண வேண்டும் என்பது இவருடைய உறுதியான கருத்து. அதற்கென இந்தியர்களே நடத்தும் தேசிய நிலையம் ஒன்று தேவை என்று 1869-இல் கட்டுரை எழுதினார். 1870-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ஹிந்து பேட்ரியட்’ பத்திரிகையில் திட்டத்தை வெளியிட்டுப் பொதுமக்களிடம் நன்கொடை வேண்டினார். நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் தம்முடைய ‘வங்க தர்சனம்’ இதழில் எழுதி ஆதரவு திரட்டினார். தொழிற்கல்விக் கூடமே முதலில் வேண்டும், தூய விஞ்ஞானம் பிறகு வரட்டும் என்று எதிர்த்து வாதித்தவர்களும் இருந்தனர். ஆறு ஆண்டுகள் விடாது முயன்ற பின், 1876-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பௌபஜார் வீதியின் 210-ஆம் எண் கட்டடத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் உதயமாயிற்று.

இக்கழகம் முதலில் ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கவில்லை என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். பொதுமக்கள் வந்தமர்ந்து கேட்கும் சொற்பொழிவு மண்டபமே அதன் முதல் வடிவம். லண்டன் மாநகரில் 1799-இல் தோன்றிய ராயல் இன்ஸ்டிடியூஷனைச் சர்க்கார் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டிருந்தார். கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் பாரடே, 1812-இல் அந்த மண்டபத்துக்குச் சொற்பொழிவு கேட்கச் சென்றவர். மறு ஆண்டே அங்கு உதவியாளராய்ச் சேர்ந்து, பின்னாளில் மின்சார விஞ்ஞானத்தின் மூலவர்களில் ஒருவரானார். அவர் சோதனை செய்யக் கற்றதோடு நின்றுவிடவில்லை. மேடையில் தெளிவாகப் பேசுவதற்குப் பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பாடமும் கேட்டார். மக்கள் மேடை ஆராய்ச்சியாளரை உருவாக்குகிறது. ஆராய்ச்சியாளரோ மேடைக்குரிய கலையைத் தனியே பயில வேண்டியவராகிறார். இவ்விரண்டையும் பாரடேயின் வாழ்வு காட்டுகிறது.

கல்கத்தாவில் இந்தக் கலைக்கு ஆசானாக விளங்கியவர் பாதிரியார் யூஜின் லபான். பெல்ஜியத்தில் பிறந்து, 1865-இல் இந்நகருக்கு வந்து, புனித சேவியர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். கழகத்தின் மேடையில் அவர் கருவிகளுடன் தோன்றி, மக்கள் கண்முன்னே சோதனைகளை நிகழ்த்திக் காட்டி விளக்குவார். சேவியர் கல்லூரியில் அவரிடம் பயின்ற ஜகதீச சந்திர போஸ், பின்னர் தாமும் கழகத்தின் மேடையேறினார். மேடைக் கலையைக் கற்பிக்கத் தனிப் பள்ளி எதுவும் அக்காலத்தில் இல்லை. மூத்தவர் செய்வதை இளையவர் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகினார். அதுவே பயிற்சி.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. சொற்பொழிவாளர்கள் எவருக்கும் ஊதியம் இல்லை. எல்லோரும் கௌரவப் பணியாகவே பேசினர். முழு நேரமும் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, அதைப் பற்றி மக்களுக்கும் எடுத்துரைக்கும் பேராசிரியர்களை நியமிக்க நிலையான மூலதனம் வேண்டும் என்று சர்க்கார் ஆண்டுதோறும் முறையிட்டார். விஜயநகரம் மகாராஜா ஆய்வுக்கூடம் அமைக்கப் பொருள் தந்தார். ஆந்திர மண்ணின் அவ்வூர் அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் கொடுப்பவர் கிடைத்தனர். மனிதருக்குக் கொடுப்பவர் கிடைக்கவில்லை. பேராசிரியர் பதவி ஒன்றுக்கேனும் அறக்கட்டளை அமையாத வருத்தத்துடனேயே அவர் 1904-இல் காலமானார்.

இனி வரலாற்றின் மற்றொரு கிளையைப் பார்ப்போம். 1866-இல் பம்பாய்ப் பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த் என்பவர் கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கு 2 இலட்சம் ரூபாய் நன்கொடை வழங்கினார். அந்த மூலதனத்தின் வருவாயிலிருந்து, பட்டம் பெற்ற பின்னும் படிக்க விரும்பும் சிறந்த மாணவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்கப்பட்டது. தொடக்கத்தில் கடுமையான தேர்வின் பேரில் வழங்கப்பட்ட அது, பின்னாளில் ஆராய்ச்சிக் கட்டுரையின் பேரில் வழங்கப்படலாயிற்று. பட்டமேற்படிப்பு மாணவருக்குப் பொருளுதவி என்னும் வழக்கம் நம் நாட்டில் வேர்விட்ட இடங்களுள் இது முக்கியமானது.

1886-இல் இந்த உபகாரச் சம்பளத்தைப் பெற்றவர் அசுதோஷ் முகர்ஜி. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அதனை அடுத்த ஆண்டுகளில் இவ்விளைஞர் பௌபஜார்க் கழகத்தின் மேடையில் கணிதம் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். உதவித்தொகை பெற்ற ஆராய்ச்சி மாணவர் மக்கள் முன் நின்று பேசும் காட்சியை அவரிடத்தில் நாம் காண்கிறோம். அவரே 1906-இல் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரானார். ஒரு மண்டபத்தில் தாம் கண்ட குறை எதுவோ, அதைப் பல்கலைக் கழகத்தின் வாயிலாக நிறைவு செய்ய முனைந்தார் என்று சொல்வது பொருந்தும்.

அசுதோஷரின் முயற்சியால் 1912-இல் வழக்கறிஞர் சர் தாரகநாத் பாலித் நிலமும் ரொக்கமுமாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாய் பெறுமான சொத்தைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்தார். தம் நன்கொடையிலிருந்து ஏற்படும் பேராசிரியர் பதவிகளை இந்தியர்களே வகிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அடுத்த ஆண்டு மற்றொரு வழக்கறிஞர், ராஷ்பிகாரி கோஷ், 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். அத்தொகை பேராசிரியர்களுக்கு மட்டும் அன்றி, அவர்களுடன் பணிபுரியும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டது. 1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மனிதருக்குப் பணம் கொடுங்கள் என்று சர்க்கார் கேட்டது, அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறத் தொடங்கிற்று.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன் இவ்விடத்தில் வருகிறார். 1907-இல் நிதி இலாகாவின் உதவிக் கணக்காயராகக் கல்கத்தாவுக்கு வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஒரு நாள் டிராம் வண்டியில் செல்லுகையில் பௌபஜார் வீதியில் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார். மறைந்த சர்க்காரின் மகன் அமிர்தலால் சர்க்கார் அப்போது கழகத்தின் காரியதரிசி. கருவிகள் தூசி படிந்து காத்திருந்தன; கையாள ஆள் இல்லை. காலையில் கழகம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் கழகம் என்று ராமன் உழைத்தார். அக்காலத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது, ஒரு வகையில், அவருடைய சொந்த உத்தியோகமே. ஆராய்ச்சி செய்ததோடு, அதே மண்டபத்தில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவும் ஆற்றி, சர்க்கார் ஏற்றிய விளக்கைத் தூண்டிவிட்டார். 1917-இல், அரசாங்க உத்தியோகத்தின் பெரிய ஊதியத்தைத் துறந்து, அசுதோஷர் அளித்த பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார்.

அதன் பின் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் கல்கத்தாவுக்கு வரலாயினர். தென்னாட்டிலிருந்து வந்தவர் மிகப் பலர். இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்ததாயிருந்த வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1920-இல் வந்து சேர்ந்தார். வேங்கடேசுவரன் என்ற மற்றோர் இளைஞர் பகலில் அலிப்பூர் அரசாங்கப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து, ஓய்வு நேரத்தில் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கண்டறியப்பட்ட ராமன் விளைவுக்கு இவர்களுடைய உழைப்பும் காரணம்.

அந்த விளைவு என்ன? ஒரே நிறமுள்ள ஒளியைத் தெளிந்த திரவம் ஒன்றின் வழியாகச் செலுத்தினால், அதில் மிகச் சிறு பகுதி சிதறி வெளியே வரும்போது தன் நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றத்தின் அளவைக் கொண்டு அத்திரவத்தின் மூலக்கூறுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று அறியலாம். 1921-இல் கப்பற் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு ராமன் எழுப்பிய கேள்வி ஏழு ஆண்டுகளில் இந்த விடைக்கு வழிகாட்டியது. இவ்வளவு எளிய சொற்களில் சொன்னாலும் உண்மை கெடுவதில்லை. ஆயினும், எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம், எந்த உவமை துணை செய்யும், எது வழிதவறச் செய்யும் என்று தெரிந்து சொல்வதற்குப் பழக்கம் வேண்டும். மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகள் கழித்த எங்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த செய்தி. பொருளை நன்கு அறிந்தவர் அதைப் பிறருக்கு விளங்கச் சொல்லத் தாமாகவே அறிந்துவிடுவார் என்பது சரியன்று. அது வேறு கலை.

சர்க்காரின் நிறைவேறாத ஆசைக்கு ஒரு முடிவும் உண்டு. கழகத்தில் அவர் பெயராலேயே பேராசிரியர் பதவி ஒன்று அமைந்தது. 1933-இல் அப்பதவியை ஏற்றவர் வத்திராயிருப்புக் கிருஷ்ணன்தான். ஒரு வங்க மருத்துவர் பொதுமக்களிடம் கையேந்தி விதைத்ததன் பலன், அவர் மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் சென்ற பின், ஒரு தமிழருடைய கையில் வந்து சேர்ந்தது. நன்கொடை தந்தவர்கள் மாநிலம் பார்க்கவில்லை. பெற்றவர்களும் தாம் அயலூரார் என்று ஒதுங்கி நிற்கவில்லை.

ஆராய்ச்சி மாணவருக்குப் பணம் கொடுத்தவர்கள் செல்வர்கள் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. ரசாயனப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் 1921-இல் அறுபது வயதை எட்டியபோது, அதற்கு மேல் தமக்கு வரவேண்டிய ஊதியம் முழுவதையும் பல்கலைக் கழகத்தின் ரசாயனப் பகுதிக்கும் ஆராய்ச்சி மாணவர் இருவருக்கு உதவித்தொகைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெறும் வரையில் அவர் இவ்வாறு விட்டுக்கொடுத்தது ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். 1922-இல் வட வங்கத்தில் வெள்ளம் பெருகியபோது நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சோதனைச்சாலைக் கதவு ஊரை நோக்கித் திறந்திருக்க வேண்டும் என்பதை அவருடைய மாணவர்கள் அவர் வாழ்விலிருந்தே கற்றனர்.

அம்மாணவர்களுள் இருவர் மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் ஆவர். 1919-இல் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டீனின் கொள்கை சோதித்து அறியப்பட்டது என்ற செய்தி வந்தபோது, கல்கத்தாவில் அதன் பொருள் விளங்கியவர் மிகச் சிலர். இளம் விரிவுரையாளராயிருந்த சாகா, ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை வாசகருக்கு அதனை விளக்கிக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு அவரும் போஸும் சார்புக் கொள்கை பற்றிய ஜெர்மன் மொழிக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர்; பிரசாந்த சந்திர மகலனோபிஸ் முன்னுரை எழுத, கல்கத்தாப் பல்கலைக் கழகம் நூலாக வெளியிட்டது. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞர்கள் தம் ஆராய்ச்சிக்கு நடுவே இதைச் செய்தனர். அதனால் அவர்களுடைய ஆராய்ச்சி குன்றவில்லை. 1920-இல் விண்மீன்களின் ஒளி பற்றிய சாகாவின் கண்டுபிடிப்பும், 1924-இல் ஐன்ஸ்டீனே மொழிபெயர்த்து வெளியிட்ட போஸின் கட்டுரையும் அதற்குச் சான்று.

எந்த மொழியிற் பேசுவது என்ற கேள்வியும் கல்கத்தாவில் எழுந்தது. ஜகதீச சந்திர போஸ் 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் தம் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தபோது, அதில் ஆயிரத்து ஐந்நூறு பேர் அமரத்தக்க சொற்பொழிவு மண்டபம் ஒன்றையும் அமைத்திருந்தார். ஆராய்ச்சியின் பயனை முதலில் அங்கே மக்களுக்கு அறிவிப்பது அவர் நோக்கம். 1921-இல் ‘அவ்யக்த’ என்ற பெயரில் வங்க மொழிக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1937-இல் ரவீந்திரநாத் தாகூர், பிரபஞ்சத்தைப் பற்றி எழுதிய ‘விசுவ பரிசயம்’ என்ற நூலைச் சத்தியேந்திரநாத் போஸுக்கு அர்ப்பணம் செய்தார். 1948-ஆம் ஆண்டு ஜனவரியில் சத்தியேந்திரநாதர் வங்க விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவினார். ‘ஞானமும் விஞ்ஞானமும்’ எனப் பொருள்படும் பெயருடன் இதழ் ஒன்றும் தொடங்கினார். உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சியாளர் தாய்மொழியில் எழுதுவதைத் தம் தரத்துக்குக் குறைவாகக் கருதவில்லை. தமிழிலும் ராஜாஜியின் ‘திண்ணை ரசாயனம்’, பெ. நா. அப்புஸ்வாமியின் விஞ்ஞானக் கட்டுரைகள், 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியம் ஆகியவை இத்துறையில் நற்பணி செய்தன. ஆனால் ராஜாஜியும் அப்புஸ்வாமியும் வழக்கறிஞர்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவரே வெளியே வந்து தமிழில் பேசும் வழக்கம் இன்னும் போதிய அளவு வளரவில்லை.

இன்றைய நிலையை நோக்குவோம். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அது கழகம் தோன்றிய நூறாவது ஆண்டு. 2018-இல் மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை, ஆராய்ச்சி மாணவர் தம் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்குப் புரியும்படி கட்டுரையாக எழுதப் பரிசுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. முனைவர் பட்ட மாணவருக்கு முதற்பரிசு 1 இலட்சம் ரூபாய், இரண்டாம் பரிசு 50,000, மூன்றாம் பரிசு 25,000, மேலும் சிறந்த 100 கட்டுரைகளுக்குத் தலைக்கு 10,000 என்று அப்போது வகுக்கப்பட்டது. ‘அவ்சர்’ என்பது திட்டத்தின் சுருக்கப் பெயர். இந்தியில் வாய்ப்பு என்று பொருள்படும் சொல்லை ஒத்து ஒலிப்பது. தமிழ்க் காதுக்கோ அவசரம் என்று கேட்கிறது. இரண்டு பொருளும் ஒருவகையில் பொருந்துவனவே. 2022-இல் விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக் குறித்து வழிகாட்டு நெறிகளும் வெளியிடப்பட்டன.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் பரிசு என்பது முன்பே எழுதத் தெரிந்தவரைப் பாராட்டுவது. எழுதத் தெரியாத மாணவருக்கு எழுதக் கற்பிப்பதும், மேடைக்கு அஞ்சும் மாணவரைப் பழக்குவதும், அதற்காகும் நாள்களை அவருடைய வேலை நாள்களாகவே கணக்கிடுவதும் வேறு காரியம். மகேந்திரலால் சர்க்காரின் அனுபவம் இங்கு நமக்குப் பாடமாகிறது. கௌரவப் பணியை மட்டும் நம்பிய மேடை தள்ளாடிற்று. மனிதருக்கென்று மூலதனம் அமைந்த பின்னரே ஆராய்ச்சியும் சொற்பொழிவும் நிலைபெற்றன. பேசுவதும் எழுதுவதும் ஆராய்ச்சி மாணவரின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்ட உபரி வேலையாக இருக்கும் வரையில், அவற்றைச் செய்பவர் சிலராகவே இருப்பர். உபகாரச் சம்பளத்தோடு சேர்த்து அதற்கென ஒரு சிறு தொகையும், பயிற்றுவிக்க ஆசிரியரும், குறித்த நாள்களும் வகுக்கப்பட வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒரு புறம் இருக்க, நாமும் செய்யக்கூடியது உண்டு. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியைப் போல் தமிழர் குடியேறி வாழும் இடங்கள் டில்லி, மும்பை, பெங்களூர், ஹைதராபாத் முதலிய நகரங்களிலெல்லாம் உள்ளன. அந்நகரங்களின் ஆராய்ச்சி நிலையங்களில் தமிழ் மாணவர் பலர் பணியாற்றுகின்றனர். அவர்களுள் பலருக்குத் தாம் செய்யும் ஆராய்ச்சியைத் தாயாருக்குத் தமிழில் சொல்ல வரவில்லை. தாயாருக்கும் மகளோ மகனோ ஐந்தாறு ஆண்டுகளாக என்ன படிக்கிறார் என்று அண்டை வீட்டாரிடம் சொல்லத் தெரியவில்லை. இது அவர்களுடைய குற்றமன்று. சொல்லும் வாய்ப்பும் பழக்கமும் ஏற்படவில்லை, அவ்வளவே.

நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் இசைக்கும் நாடகத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் பொருள் செலவிடுகின்றன. அது நல்லதே. அதனுடன், ஆண்டுக்கு ஓர் ஆராய்ச்சி மாணவரைத் தேர்ந்தெடுத்து, போக்குவரத்துச் செலவும், படங்கள் தயாரிக்கும் செலவும், ஒரு சிறு சன்மானமும் அளித்து, ஒரு மணி நேரம் தமிழில் பேசச் செய்யலாம். தமிழ் நன்கறிந்த மூத்தவர் ஒருவர் முன்கூட்டியே அவருடன் அமர்ந்து, சொற்களைத் தேர்ந்து கொடுத்து, ஒரு முறைக்கு இருமுறை ஒத்திகை பார்க்கலாம். சங்கத்துப் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்திக் கேள்வி கேட்க விடலாம். இதற்கு இலட்சங்கள் தேவையில்லை.

பௌபஜார் வீதிக்கு இப்போது விபின் பிகாரி கங்குலி வீதி என்று பெயர். கழகம் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்து அங்கே தொடர்ந்து பணிபுரிந்து வருகிறது. பழைய இடத்தில் ஒரு வணிகக் கல்லூரி உள்ளது. கொல்கத்தாவுக்குச் செல்லும் அன்பர்கள் காளிகட்டத்தையும் தட்சிணேசுவரத்தையும் தரிசிக்கும்போது, அவ்வீதியின் வழியாகவும் ஒருமுறை சென்று வரலாம். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்த ஓர் இளைஞர் அங்கே தான் மக்கள் பணத்தில் எழுந்த மண்டபத்தைக் கண்டு வண்டியிலிருந்து இறங்கினார். அத்தகைய மண்டபம் ஒன்றைத் தம் ஊரிலும் தம்மால் இயன்ற அளவில் அமைப்பது, இன்று வெளிமாநிலங்களில் நிலைபெற்றுவிட்ட நமக்கு உரிய கடமையாகும்.